ஒரு பங்கின் தலைக்கணக்கு: தேவகோட்டை வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பக் கணக்கெடுப்பு

ஆய்வின் எல்லை

சிவகங்கை மாவட்டம் தேவகோட்டை வட்டாரத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஆலயப் பகுதியில்) 2025ஆம் ஆண்டின் பிற்பாதியில் குடும்பக் கணக்கெடுப்பு ஒன்று தொடங்கி, பாதியில் நின்று, வேறு வடிவில் முடிந்தது. அது ஏன் நின்றது, எப்படி முடிந்தது என்பதை இக்கட்டுரை பதிவு செய்கிறது. ஊர், ஆலயம், ஆட்கள் எவருடைய பெயரும் இதில் இல்லை. இன்னார் என்று ஊகிக்க இடம் தரும் விவரங்களும் விடப்பட்டுள்ளன. இதை எழுதுபவர் படிவத்தைத் தயாரித்த சிறு குழுவில் இருந்தவர் என்பதைப் படிப்போர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பின்னணி

இந்தியாவில் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அரசிடம் நேரான விடை கிடையாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.78 கோடிக் கிறித்தவர் இருப்பதாகச் சொல்கிறது. இது மொத்த மக்கள்தொகையில் 2.3 சதவீதம். தமிழ்நாட்டில் 44.18 லட்சம், அதாவது 6.12 சதவீதம். ஆனால் அவர்களில் கத்தோலிக்கர் எத்தனை, தென்னிந்தியத் திருச்சபையார் எத்தனை, பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தோர் எத்தனை என்ற பிரிப்பு வெளியிடப்படுவதில்லை. கத்தோலிக்கர் சுமார் இரண்டு கோடி என்று வழக்கமாகச் சொல்லப்படும் எண் திருஅவையின் சொந்தக் கணக்கிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பங்குத்தந்தையும் ஆண்டுதோறும் நிரப்பி ஆயர் (பிஷப்) இல்லத்துக்கு அனுப்பும் படிவம் அங்கே கூட்டப்பட்டு, நாட்டின் 170க்கு மேற்பட்ட மறைமாவட்டங்களின் (ஆயர்களின் ஆளுகைப் பகுதிகளின்) கூட்டுத்தொகைகளோடு சேர்ந்து உரோமைக்குப் போகிறது. ஆகவே நாட்டளவில் மேற்கோள் காட்டப்படும் பெரிய எண்ணின் தரம், கடைசியில் ஒரு பங்கு அலுவலகத்தின் மர அலமாரியில் இருக்கும் ஏடுகளின் தரத்தைப் பொறுத்தது.

இரண்டு சதவீதத்துக்கும் குறைவான கத்தோலிக்கச் சமூகத்தின் பொதுவாழ்வுப் பங்களிப்பு அந்த விகிதத்தை மீறியது என்பதும் அனைவரும் அறிந்ததே. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரியும், 1925இல் சென்னையில் தொடங்கிய லயோலாவும் பிற சமயத்தார் பல்லாயிரம் பேரைப் படிக்க வைத்தவை. 1943இல் குண்டூரில் தொடங்கப்பட்ட இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்தில் இன்று 3,500க்கு மேற்பட்ட மருத்துவமனைகளும் மருந்தகங்களும் பிற நிறுவனங்களும் சேர்ந்துள்ளன. அங்கே வரிசையில் நிற்போரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். எண்ணிக்கைக்கும் செல்வாக்குக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி பெரிய நிறுவனங்களில் மட்டுமன்றி, நாம் இங்கே பார்க்கப்போகும் சிறிய பங்கிலும் அப்படியே இருந்தது.

இடமும் பங்கும்

1987இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சிவகங்கை மறைமாவட்டம் சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய இரு மாவட்டங்களை உள்ளடக்கியது. 2011 கணக்குப்படி சிவகங்கை மாவட்டத்தில் கிறித்தவர் ஏறத்தாழ 5.6 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்றாலும் வேர் ஆழமானது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு இறந்து, 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்ட குரு அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) பெயர் இப்பகுதியில் தலைமுறைதோறும் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டு வருகிறது. சருகணிக் கத்தோலிக்கக் கோயிலுக்கு மருது பாண்டியர் மானியம் விட்டதாகச் சொல்லும் ஊர்க்கதையைச் சொல்வோரில் பாதிப்பேர் இந்துக்கள்.

ஆய்வுக்குரிய பங்கில் ஒரு தாய்க்கோயிலும் ஐந்தாறு கிளைக்கிராமங்களும் உண்டு. தாய்க்கோயில் இருக்கும் ஊர் நகரத்தார் ஊர். பெரிய வீடுகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் காவலாக இருக்கும் குடும்பங்களில் சில கத்தோலிக்கக் குடும்பங்கள். கிளைக்கிராமங்களில் பெரும்பான்மையோர் பட்டியல் சாதிகளிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் வேதத்துக்கு வந்தவர்கள். மற்றவர்கள் பிற சாதியினர். பங்குக்குச் சொந்தமான அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளி ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கு ஞாயிறு திருப்பலியைவிடக் கூட்டம் கூடுதல், வருவோரில் பலர் நெற்றியில் திருநீற்றோடு வருவோர்.

தொடக்கம்

ஜூன் மாத மாற்றலில் வந்த புதிய பங்குத்தந்தை, ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டுப் புள்ளிவிவரப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. முந்தைய ஆண்டுகளின் படிவங்களில் ஒரே எண் சிறுசிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அலுவலகத்தில் இருந்த குடும்ப அட்டைகளோ நானூற்றைத் தாண்டின. அன்பியப் (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பொறுப்பாளர்கள் வைத்திருந்த பட்டியல்களைச் சேர்த்தால் முந்நூறைச் சற்றுத் தாண்டியது. ஆண்டுச் சந்தா நோட்டு இருநூற்றைம்பதைத் தொடவில்லை. திருமுழுக்கு (ஞானஸ்நான) ஏட்டைக் கொண்டு கணக்கிட்டால் எண் இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகும், ஏனெனில் அந்த ஏடு சேர்ப்பதை மட்டுமே அறியும். திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களும், பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியவர்களும், இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களும் அதில் இன்னும் இப்பங்கின் மக்களாகவே இருக்கிறார்கள்.

வீடு வீடாகப் போய் எண்ணுவது என்று பங்குப் பேரவை (பங்குத்தந்தையோடு பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் அவை) முடிவு செய்தது. ஒரு பக்கப் படிவம் தயாரானது. குடும்பத் தலைவர், உறுப்பினர்கள், பெற்ற அருட்சாதனங்கள் (திருமுழுக்கு, திருமணம் போன்றவை), கல்வி, தொழில், வெளியூரில் இருப்போர் ஆகிய வழக்கமான கேள்விகளுக்குக் கீழே, படிவத்தின் அடியில், ‘சாதிச் சான்றிதழில் குறிப்பிட்டுள்ள சாதியும் மதமும்’ என்று ஒரு கட்டம் இருந்தது.

அந்தக் கட்டத்தைக் கேட்டவர்கள் பங்கின் தலித் உறுப்பினர்கள். அவர்களுடைய நியாயம் வலுவானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே அளித்தது; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். மாநிலக் கல்வி உதவித்தொகையில் அவர்களுக்கு இடம் உண்டு என்றாலும் பட்டியல் சாதியினருக்கான வேலை ஒதுக்கீடும், தனித்தொகுதியும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையா. 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது; 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. இப்பொருளை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டபோது, தலித் கிறித்தவர் எத்தனை பேர் என்று எந்தப் பங்காலும் எண்ணோடு சொல்ல முடியவில்லை என்பது அவர்களுடைய ஆதங்கம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டபின் அந்த ஆதங்கம் அவசரமாயிற்று.

களத்தில் கண்டவை

தாய்க்கோயில் ஊரில் வேலை சுமுகமாக நடந்தது. எதிர்பாராத கேள்விகள் வேறு வகையானவை. ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் கணவனும் மனைவியும் இரு பிள்ளைகளும் பல ஆண்டுகளாகக் காவலுக்கு இருக்கிறார்கள். முகப்பில் கஜலட்சுமி, பின்கட்டுச் சமையலறைச் சுவரில் வேளாங்கண்ணி மாதா. படிவத்தில் வீட்டு எண்ணை எழுதப் போன இளைஞரை அந்த அம்மா தடுத்தார்.

“இந்த வீட்டு நம்பர்ல எங்க பேரப் போட்டா ஆச்சி கோவிச்சுக்கிருவாக. மெட்ராஸ்ல இருந்தாலும் எல்லாம் காதுக்குப் போயிரும். நீங்க எடுக்குறது வீட்டுக்கணக்கா, ஆள்கணக்கா தம்பி?”

கேள்வி நியாயமானது. அன்று மாலையே, கதவு எண்ணுக்குப் பதிலாக அன்பியத்தின் பெயரை எழுதினால் போதும் என்று மாற்றப்பட்டது.

நவம்பரில் வேறொரு குழப்பம் வந்தது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் அப்போதுதான் தெருத்தெருவாகப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இளைஞர்கள் படிவம் என்று வாயைத் திறந்ததும் ஒரு முதியவர் புகைப்படத்தையும் பழைய வாக்காளர் அட்டையையும் எடுத்து நீட்டினார். மரியாயின் சேனை என்ற பக்தசபையைச் சேர்ந்த பெண்கள் உடன் போன தெருக்களில் இந்தக் குழப்பம் குறைவு; அவர்களை எல்லாருக்கும் முகம் தெரியும்.

கிளைக்கிராமங்களில்தான் கணக்கு நின்றது. முதல் கிராமத்தில் சில வீடுகள் கதவைத் திறக்கவில்லை. திறந்த வீடுகளிலும் கடைசிக் கட்டம் வெறுமையாகத் திரும்பியது. ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்காரும் மூதாட்டி ஒருவர், படிவத்தோடு வந்த இளைஞரைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னது இது:

“பேரெல்லாம் போட்டுக்கய்யா, சாமிக்குத் தெரியாததா. அந்தக் கடேசிக் கேள்விய மட்டும் கேக்காத. பேத்திக்கு இப்பத்தான் சர்ட்டிபிகேட்டு கெடச்சிருக்கு.”

“சரி அப்பத்தா, அத விட்டுருவோம்” என்று அவர் எழுந்து வந்துவிட்டார். அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்கு அவர் போகவில்லை.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பிறப்பால் இந்து என்று சான்றிதழ் இருக்க, கோயிலில் திருமுழுக்குப் பெற்று வாழும் குடும்பங்கள் தமிழ்நாட்டின் கிறித்தவக் கிராமங்களில் அரிதல்ல. 1985இல் சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு சமூக இழிவு தொடர்வதைச் சான்றுகளோடு நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், திருமுழுக்குப் பெற்றுக் கோயிலுக்குப் போய்வருபவர் வேலைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் திருமுழுக்குப் பெற்றதற்கான ஆவணமே முக்கியச் சான்றாயிற்று. தீர்ப்பு வாட்ஸ்அப் வழியாக எல்லாக் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்திருந்தது. பங்கு அலுவலகத்தில் இருக்கும் ஒரு தாள் நாளை யார் கையில் போகும் என்று அவர்கள் கேட்டதை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

விவாதம்

கணக்கெடுப்பை நிறுத்திவைத்துவிட்டு, ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பேரவை கூடியது. காரைக்குடியில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரும் அழைக்கப்பட்டிருந்தார்.

ஒரு தரப்பு முழுக் கணக்கெடுப்பையும் கைவிடச் சொன்னது. இது எளிய வழி; ஆனால் ஆயர் இல்லத்துக்குப் பழைய எண்ணையே மீண்டும் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும், அது பொய் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு தரப்பு, கட்டத்தை வைத்துக்கொண்டு, விரும்பாதவர் விட்டுவிடலாம் என்று அறிவிக்கச் சொன்னது. வழக்கறிஞர் இதை ஏற்கவில்லை. யார் விட்டார்கள் என்பதே ஒரு தகவல் ஆகிவிடும் என்றார் அவர். மேலும், சட்டப்படி அந்த விவரத்தைத் திரட்ட வேண்டிய கடமை பங்குக்கு இல்லை. திரட்டி வைத்துக்கொண்டால் பாதுகாக்கும் பொறுப்பு மட்டும் வந்து சேரும்.

கட்டத்தை எடுத்துவிடலாம் என்ற யோசனையைக் கடுமையாக எதிர்த்தவர், அதை முதலில் கேட்ட தலித் உறுப்பினர்களில் மூத்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் பேசியது கூட்டத்தை நீண்ட நேரம் நிறுத்திவைத்தது.

“கல்லறையில சாதி பாக்குறீங்க. அங்க நடுவுல செவுரு நிக்கிது. படிவத்துல மட்டும் சாதியே தெரியாத மாதிரி இருக்கணுமாக்கும்?”

பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இரு பகுதிகளுக்கு நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்மையிலேயே உண்டு. திருஅவைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையிலேயே ஒப்புக்கொண்டு கண்டித்திருக்கிறது. அக்கொள்கையின் தமிழாக்கம் இந்தப் பங்கில் வாசிக்கப்பட்டதாக எவருக்கும் நினைவில்லை. அவருடைய கேள்விக்குப் பேரவையில் அன்று நேர்மையான பதில் எவரிடமும் இருக்கவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. தீர்மானத்தை மாற்றியது வாதம் அல்ல. அதே கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண், தன் மகள் பணித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதைச் சொல்லி, ஆணையத்துக்கு எண் வேண்டும் என்பது சரி, அந்த எண்ணுக்குள் தன் வீட்டின் பெயர் எதற்கு என்று கேட்டார். எண்ணும் பெயரும் வேறுவேறு என்று அவர் பிரித்துக் காட்டிய பிறகு வழி தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வீட்டுப் படிவத்திலிருந்து சாதி, சான்றிதழ் இரண்டும் நீக்கப்பட்டன. குடும்ப ஏட்டின் நோக்கம் அருட்சாதனங்களும் மேய்ப்புப் பணியும் மட்டுமே என்று படிவத்தின் தலைப்பிலேயே அச்சிடப்பட்டது. திருஅவைச் சட்டத்தின் 877ஆவது விதி திருமுழுக்கு ஏட்டில் எழுதக் கேட்பவை பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்கு அளித்தவர், இடம், நாள் போன்றவையே. சாதி அதில் இல்லை. (பங்கின் மிகப் பழைய ஏடுகளில், பிரெஞ்சுக் குருக்களின் சாய்ந்த கையெழுத்தில், பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுதப்பட்டிருப்பதை இந்த வேலையின்போதுதான் பலர் பார்த்தோம்.)

ஏற்கெனவே நிரப்பப்பட்ட படிவங்களைப் பற்றிய முடிவு எளிதாக இருக்கவில்லை. கட்டம் படிவத்தின் அடியில் இருந்தது வசதியாயிற்று. அடுத்த ஞாயிறு, ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒருவர் வந்திருக்க, கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) அளவுகோலை வைத்துக் கோடு போட, இரு பெண்கள் கத்தரிக்கோலால் அந்தப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய துண்டுகள் அங்கேயே எரிக்கப்பட்டன. கைபேசிப் படிவத்தில் தகவல் திரட்டலாம் என்று இளைஞர்கள் முன்வைத்த யோசனை, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வழக்கறிஞர் எச்சரித்ததால் விடப்பட்டது.

தலித் கிறித்தவர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, கிராமவாரியாகக் குடும்பங்களின் தோராயத் தொகையை மட்டும், பெயர் இன்றி, அந்தந்த ஊர்ப் பெரியவர்களே கூடிச் சொல்ல, அது தனித்தாளில் எழுதி வைக்கப்பட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர் இதைப் பாதி வெற்றி என்றார்.

திருமுழுக்கு ஏட்டில் கைவைப்பதில்லை என்ற முடிவில் மட்டும் விவாதமே எழவில்லை. கூட்டத்துக்குப் பின் இரு குடும்பத்தினர் தனியே வந்து பிள்ளைகளின் பெயரை எடுத்துவிடக் கேட்டபோது பங்குத்தந்தை மறுத்துவிட்டார். “எழுதுனது எழுதுனதுதான். கிழிக்கவும் மாட்டேன், கோர்ட்டு கேட்டா ஒழிய யாருக்கும் எடுத்துக் காட்டவும் மாட்டேன்” என்று அவர் சொன்னதாகத் தெரிகிறது. ஏட்டைத் திருத்துவது குற்றமும் ஆகும், பொய்யும் ஆகும்.

பின்விளைவு

இரண்டாம் சுற்று டிசம்பர் முதல் வாரங்களில் முடிந்தது. கதவடைத்த வீடுகளில் பெரும்பாலானவை இம்முறை பதில் சொல்லின. கிடைத்த குடும்ப எண்ணிக்கை அன்பியப் பட்டியலுக்கு அருகில், முந்நூறை ஒட்டி வந்தது. அலுவலக அட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஊரை விட்டுப் போன குடும்பங்களுக்கு உரியது என்று தெரிந்தது. வேறு சபைக்குப் போய்வருவோரில் சிலர், மாதாவை விடவில்லை என்று சொல்லித் தங்களையும் எழுதச் சொன்னார்கள். எழுதினோம், அருகில் சிறு குறிப்பும் இட்டோம். பெயரை எடுக்கக் கேட்ட இரு குடும்பங்களில் ஒன்று கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

பேரவைக்குப் புதிதாகத் தெரிந்தது மற்றொன்று. குடும்பங்களை எண்ணி முடித்தபின், பங்கு யாருக்கெல்லாம் பயன்படுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்கள். பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிறுபான்மை. தையல் பயிற்சிக்கு வருவோரில் முஸ்லிம் பெண்கள் கணிசம். வின்சென்ட் தே பால் சபை அரிசி கொடுக்கும் முதியோரில் பாதிக்கு மேல் இந்துக்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை எந்த ஏட்டிலும் அடக்க முடியாது. அதே சமயம் பள்ளியின் ஆசிரியர் நியமனங்களில் கிளைக்கிராமத்துத் தலித் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் கேட்டபோது, விரல் விட்டு எண்ணத் தேவை ஏற்படவில்லை, ஒருவர். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு தரும் சிறுபான்மை உரிமையின் பயன் சிறுபான்மைக்குள் யாரைச் சேர்கிறது என்ற கேள்வி குறிப்பேட்டில் பதிவாயிற்று. கல்லறைச் சுவரை அகற்றும் தீர்மானமும் அதே கூட்டத்தில் நிறைவேறி, மறைவட்ட அதிபருக்கு (அக்கம்பக்கப் பங்குகளை மேற்பார்க்கும் குருவுக்கு) அனுப்பப்பட்டது. தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்கியவர்களில் சிலர் வெளியே வந்து வேறுவிதமாகப் பேசினார்கள். சுவர் இன்னும் இருக்கிறது.

மறுமுறை மாற வேண்டியவை

இத்தகைய கணக்கெடுப்பில் இறங்கும் பங்குகள், ஒரே படிவத்தில் இரண்டு நோக்கங்களை ஏற்றக் கூடாது. அருட்சாதனங்களுக்கான ஏடு பெயர் இன்றிப் பயனில்லை. உரிமைக் கோரிக்கைக்கான கணக்கோ பெயரோடு எடுக்கப்பட்டால் உரியவரையே தாக்கும். பின்னதைத் தலித் அமைப்புகள் தங்கள் பொறுப்பில், தங்கள் ஆட்களைக் கொண்டு, தொகையாக மட்டும் எடுப்பது பொருத்தம். பங்கு அலுவலகம் அதற்கு இடமும் தாளும் கொடுத்தால் போதும்.

படிவம் அச்சுக்குப் போகும் முன் கிளைக்கிராமம் ஒன்றில் நான்கைந்து வீடுகளில் வாசித்துக் காட்டியிருந்தால், அந்தக் கட்டம் அப்போதே விழுந்திருக்கும். அரசுப் படிவங்கள் சுற்றில் இருக்கும் மாதங்களைத் தவிர்த்து, பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) பிந்திய வாரங்களில் எடுப்பது நல்லது. வெளியூரில் இருப்போரும் கோடை விடுமுறைக்கு ஊர் வந்திருப்பார்கள். ஆயர் இல்லத்துக்கு அனுப்பும் எண்ணோடு, அது எந்த ஏட்டிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதி இணைப்பதும் அவசியம். இந்த ஆண்டு இப்பங்கின் எண் முந்தைய ஆண்டைவிடக் கணிசமாகக் குறைந்திருந்ததால், ஏன் இத்தனை பேரை இழந்தீர்கள் என்று அங்கிருந்து விளக்கம் கேட்டு வந்தது. யாரையும் இழக்கவில்லை, பல ஆண்டுகளாக இல்லாதவர்களை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று பங்குத்தந்தை எழுதிய பதிலோடு, அன்பியவாரியான பட்டியலின் மொத்தத் தொகைகளும் இணைத்து அனுப்பப்பட்டன.